கலர் இருக்கட்டும் சார், மோட்டார் எங்கே போகணும்?

போன வாரம் பருவமழைக்கு முந்தைய ஒத்திகை ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். பெரிய திரையில் வெள்ளத்தை முன்கூட்டியே ஓட்டிக் காட்டும் சிமுலேஷன் மென்பொருள், அதில் முப்பரிமாணச் சென்னை. அடையாறு பொங்கித் தெருக்களை விழுங்குகிறது. முன்வரிசை கைதட்டியது. பின்னால் இருந்த வார்டு உதவிப் பொறியாளர் (ஏ.இ.) ஒருவர் மட்டும் கேட்டார்: "கலரெல்லாம் சரி சார். என்கிட்ட தண்ணி இறைக்க மூணு மோட்டார்தான் இருக்கு. முதல்ல எந்த சப்வேக்கு அனுப்பணும்?"

மென்பொருளிடம் பதில் இல்லை. எத்தனையாவது தடவை இது!

பயன்படுத்த எளிது என்றால் பார்க்க அழகு என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ. ராத்திரி 2 மணிக்கு, நனைந்த கையோடு, சார்ஜ் தீரப்போகும் போனில், பயிற்சிக்கே வராத ஒருவர் திறந்து அடுத்த வேலையைத் தெரிந்துகொண்டால் அது எளிது. மற்றதெல்லாம் கொலு பொம்மை. முகப்பிலேயே, தண்ணீர் ஓடும் பரப்பின் கரடுமுரடைக் குறிக்கும் மேனிங் எண்ணைக் கேட்கும் பெட்டி வைத்த புண்ணியவானை ஒரு மழைநாள் வேளச்சேரியில் நிறுத்த வேண்டும்.

அலகுக் கூத்து தனி. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி திறந்தார்கள். ஊருக்கே அந்த எண் மனப்பாடம். திரையோ அதையே 821 கனமீட்டர் என்கிறது. வெள்ள மட்டத்தையும் கடல் மட்டத்திலிருந்து சொல்கிறது. ஏ.இ.க்கு வேண்டியது டிரான்ஸ்ஃபார்மர் மேடைக்கு மேல் எத்தனை அடி என்பதுதான்.

வெள்ளம் எங்கே வரும் என்று சொல்ல 2019-இலிருந்தே சி-ஃப்ளோஸ் என்ற சென்னை வெள்ள எச்சரிக்கை அமைப்பு இருக்கிறது. வடியும்போது எதை முதலில் எழுப்புவது? அங்கேதான் ஓட்டை. கரண்ட் இல்லாமல் பம்பிங் ஸ்டேஷன் ஓடாது. தண்ணீர் வடியாமல் சப்ஸ்டேஷனில் கரண்ட் கொடுக்க முடியாது. செல்போன் டவருக்கு டீசல் வேண்டும், டீசல் வண்டிக்குப் பாதை வேண்டும், பாதையைத் திறக்க மோட்டார் வேண்டும். இந்த முடிச்சை எங்கே அவிழ்ப்பது என்று விளையாடிப் பார்க்கத்தானே சிமுலேஷன்?

டெண்டரில் முப்பரிமாணம் கேட்பதை நிறுத்துங்கள். நெட் இல்லாமல் ஓடுகிறதா என்று ஏரோபிளேன் மோடில் போட்டுப் பாருங்கள். "6 மணி நேரத்தில் சரியாகும்" என்று ஒற்றை எண்ணைக் காட்டாதீர்கள். 4 முதல் 12 மணி என்றால் அப்படியே காட்டுங்கள், ஜெனரேட்டரை வேறிடத்துக்கு விடுவதா வைத்திருப்பதா என்று ஏ.இ. முடிவெடுத்துக்கொள்வார். மென்பொருள் செய்யத் தொடங்கும் முதல் மாதம் கம்ப்யூட்டரையே தொட வேண்டாம். வரைபடத்தை மேஜையில் விரித்து, மோட்டாருக்குப் பதில் புளியங்கொட்டை வைத்து நகர்த்திப் பாருங்கள்.

அந்த ஏ.இ.யை, தயவுசெய்து, முதல் நாளே கூப்பிடுங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, போன மழையில் அவர் எழுதிய நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். எந்த கரண்ட் பாக்ஸ் முதலில் முழுகும் என்று அதில் இருக்கும்.