'மேக் ஃபாஸ்ட்' என்றால் அவசரப்படு என்று அர்த்தமில்லை

யாங்கோனில் கப்பல் வேலைக்குக் கிளம்பும் பையன்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் நம் தமிழ்ப் பிள்ளைகள். வீட்டில் தமிழ், தெருவில் பர்மியம், ஆங்கிலம் புத்தகத்தில் மட்டும். வேகத்தைச் சொல்லும் வார்த்தைகள் என்னென்ன தெரியும் என்று முதல் நாளே கேட்டுவிடுவேன். ஃபாஸ்ட், குவிக், ரேபிட், ஸ்விஃப்ட் என்று கடகடவென ஒப்பிப்பார்கள். அர்த்தம் கேட்டால் நாலுக்கும் ஒரே பதில்: "வேகமான, சயா." (சயா என்றால் பர்மியத்தில் வாத்தியார்.) பர்மியத்தில் கேட்டாலும் "மியன் மியன்"தான்.

இந்த ஒரே பதில்தான் ஒருமுறை என் கையைக் காவு வாங்கப் பார்த்தது. எனக்கு அது முதல் கப்பல். இழுவைப் படகின் வடத்தை மேலே ஏற்றிவிட்டோம், அதன் வளையம் என் கையில் இருக்கிறது. அதிகாரி "மேக் ஃபாஸ்ட்!" என்று கத்தினார். சீக்கிரம் இழு என்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து மூச்சைப் பிடித்து இன்னும் இழுத்தேன். அவர் சொன்னதோ, வளையத்தை பொல்லார்டில், அதாவது வடம் கட்டும் இரும்புக் கட்டையில், மாட்டிக் கட்டு என்று. கீழே படகு நகர்ந்ததும் வடம் உருவிக்கொண்டு ஓடியது. டெக் ஆட்களுக்குத் தலைவரான போசன் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்ததால் உள்ளங்கைத் தோலோடு போயிற்று.

ஃபாஸ்ட் என்ற சொல்லுக்குப் பழைய பொருள் 'உறுதியான, அசையாத' என்பது. வேகம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. துணிக்கடையில் சாயம் போகாது என்பதற்கு 'கலர் ஃபாஸ்ட்' என்பார்கள். அடித்துப் போட்டது போன்ற தூக்கம் 'ஃபாஸ்ட் அஸ்லீப்'. கப்பலில் இந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. சர்வதேச கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொடர்புச் சொற்றொடர்களிலும் 'மேக் ஃபாஸ்ட்' என்றால் கட்டு என்பதுதான். கட்டி முடித்ததும் 'ஆல் ஃபாஸ்ட்' என்று சொல்ல வேண்டும்.

அடுத்த வில்லங்கம் 'டெட் ஸ்லோ அஹெட்'. "கப்பல் செத்துப்போச்சா, சயா?" என்று போன மாதம் ஒரு தம்பி கேட்டான். வகுப்பே சிரித்தது. ஆனால் கேட்காமல் உட்கார்ந்திருந்தவர்களை விட அவன் தேவலை. இங்கே 'டெட்' என்பது 'படு' மாதிரி. படு மெதுவாக முன்னே போ, அதாவது இன்ஜின் கட்டளைகளில் ஆகக் குறைந்த வேகம். நிற்பதற்கு 'ஸ்டாப்' என்று தனியாக இருக்கிறது.

ஒரு பெயரடைக்கு எவ்வளவு கனம் என்று காட்ட கடலில் கப்பல்கள் மோதாமல் இருப்பதற்கான சர்வதேச விதிகளை எடுப்பேன். 1960 விதியில், மூடுபனி போன்ற வேளைகளில் கப்பல் 'மாடரேட்', அதாவது மிதமான, வேகத்தில் போக வேண்டும் என்றிருந்தது. 1972இல் அந்த வார்த்தையை எடுத்துவிட்டு 'சேஃப்' என்று போட்டார்கள். எல்லா நேரத்துக்கும், எல்லாக் கப்பலுக்கும். இத்தனை நாட் என்று எண் கிடையாது. கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது, சுற்றி எத்தனை கப்பல், நம் கப்பல் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்றெல்லாம் பார்த்து மாலுமிதான் முடிவு செய்ய வேண்டும். (போகிறபோக்கில் ஒன்று: ஒரு நாட் என்பதே மணிக்கு 1,852 மீட்டர். அதன் பின்னால் 'பர் அவர்' சேர்க்காதீர்கள், காது கூசுகிறது.)

கரைக்கு வந்தால் குழப்பம் வேறு மாதிரி. வேகமாக ஓடுகிற பொருள் ஃபாஸ்ட். கொஞ்ச நேரத்தில் முடிகிற காரியம் குவிக். யாங்கோன் வட்ட ரயிலை யாரும் ஃபாஸ்ட் என்று சொல்லமாட்டார்கள், ஆனால் அதில் ஏறுமுன் ஒரு குவிக் டீ குடிக்கலாம். நாடித்துடிப்பும் விலைவாசி ஏற்றமும் ரேபிட். வேகமாக என்பதில் 'ஆக' வருகிறதே என்று 'ஃபாஸ்ட்லி' எழுதுகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது தேறுவார்கள். அப்படி ஒரு சொல்லே இல்லை. வேகமான, வேகமாக இரண்டுக்கும் ஃபாஸ்ட்தான். 'ஸ்பீட்' என்ற சொல்லோடு ஃபாஸ்ட் சேராது, 'ஹை'தான் சேரும்.

உண்மையில் தமிழிலேயே இந்த வித்தியாசமெல்லாம் இருக்கிறது. உடனடி என்றால் பிராம்ப்ட். மந்தம் என்றால் ஸ்லகிஷ். படிப்படியாக நடப்பது கிராஜுவல். எல்லாவற்றையும் 'வேகம்', 'மெதுவு' என்ற இரண்டு டப்பாவில் போட்டு மூடியது நாம்தான்.

சென்ற வாரம் ஒருவன் விண்ணப்பக் கடிதம் எழுதிக்கொண்டு வந்தான். தன்னை 'ஹேஸ்டி வொர்க்கர்' என்று எழுதியிருந்தான், அகராதியில் விரைவான என்று போட்டிருந்ததாம். "தம்பி, உன்னை நீயே அவசரக்குடுக்கைன்னு எழுதியிருக்கே" என்றேன். அடித்துவிட்டு குவிக் என்று எழுதச் சொன்னேன்.

"ஸ்விஃப்ட் போடலாமா, சயா? அழகா இருக்கே."

அது ஆற்று நீருக்கும் பறவைக்கும் சரி, டெக் துடைக்கிறவனுக்கு வேண்டாம் என்றேன். அரை மனதோடு குவிக் எழுதினான்.