பியூபில் என்கிற கண்பாவை

ஓசூரில் ஒரு கண் மருத்துவமனை வரிசையில் அத்தையோடு உட்கார்ந்திருந்தேன். சொட்டு மருந்து விட்ட செவிலியர், "பியூபில் விரிய வேண்டும், கண்ணை மூடியிருங்கள்" என்றார். அத்தைக்குப் புரியவில்லை. பக்கத்திலிருந்த தெலுங்கு பேசும் அம்மாள், "கண்ட்டிபாப" என்று சொன்னதும், "கண் பாப்பாவா!" என்று அத்தையின் முகம் தெளிந்தது. அந்த ஊரில் கன்னடக்காரர் யாரேனும் அருகில் இருந்திருந்தால் அவரும் 'பாப்பெ' என்றே சொல்லியிருப்பார். மூன்று மொழிக்காரர்களுக்கும் வீட்டிலேயே இருக்கும் சொல்லை விட்டுவிட்டு, யாருக்கும் விளங்காத ஒன்றை ஏன் சொல்ல வேண்டும்?

பியூபில் என்பதன் மூலம் 'பியூபில்லா' என்னும் லத்தீன் சொல். பொருள்: சிறு பொம்மை, சிறுமி. கிரேக்கர் இதைக் 'கோரே' என்றார்கள், அதுவும் சிறுமிதான். தமிழில் பாவை. பாவை என்றால் பொம்மை என்பதற்குத் தோற்பாவைக்கூத்தே சாட்சி. ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்த பெயர் என்று எண்ணத் தேவையில்லை. எதிரில் இருப்பவரின் கண்ணை நெருங்கிப் பாருங்கள்: கருமையின் நடுவே உங்கள் உருவமே குட்டிப் பொம்மையாக நிற்கும். கண்ணின் முன்புறம் கவிந்திருக்கும் கார்னியா என்னும் தெளிந்த படலம் குவியாடிபோல வேலை செய்வதால் வரும் உருவம் அது. பின்னால் இருக்கும் இருட்டு அதை எடுத்துக்காட்டுகிறது.

அந்த இருட்டுதான் பாவை. அது ஒரு படலமோ மணியோ அன்று. ஐரிஸ் என்னும் நிற வளையத்தின் நடுவில் உள்ள துளை. உள்ளே போன ஒளியில் மிகச் சிறிதளவே திரும்பி வருவதால் கறுப்பாகத் தெரிகிறது. நல்ல வெளிச்சத்தில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டராகச் சுருங்கும். இருட்டில் 8 மில்லிமீட்டர் வரை விரியும். வயது ஏற ஏற அவ்வளவு விரிவதில்லை.

"கருமணியிற் பாவாய்நீ போதாயாம் வீழும்
திருநுதற்கு இல்லை இடம்"

என்கிறது குறள் 1123. காதலிக்கு இடம் போதவில்லை, நீ வெளியே போ என்று தன் கண்ணில் உள்ள பாவையிடமே காதலன் சொல்கிறான். இத்தனை பழைய சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஒன்றை ஆக்க வேண்டியதில்லை. பியூபிலுக்குக் கண்பாவை, பேச்சில் கண் பாப்பா. கருவிழி என்று மட்டும் சொல்ல வேண்டாம். கண் தானம் பற்றிய பேச்சில் அது கார்னியாவைக் குறிக்கிறது.

அரை மணி நேரம் கழித்து அத்தை கண்ணைத் திறந்தார். பழுப்பு வளையம் நூலாக ஒடுங்கியிருந்தது. அகன்ற கருமையில் ஜன்னலும், அதன் முன்னே குனிந்திருந்த நானும் தெரிந்தோம்.