சாக்கில் வரும் புல்லட்: பழைய என்ஜினை வீட்டில் பிரிப்பதற்கு முன்

எங்கள் பட்டறைக்கு வரும் பழைய புல்லட்களில் சில சாக்கில்தான் வருகின்றன. கிராங்க்கேஸ் (என்ஜினின் அடிக்கூடு) ஒரு சாக்கில், கியர்கள் பெயிண்ட் வாளியில், நட்டும் போல்ட்டும் ஒன்றாகக் கலந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். "அண்ணே, எல்லாம் பிரிச்சாச்சு. சேர்த்துத் தந்தா மட்டும் போதும்" என்பார்கள். வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்த மகன், அப்பா ஓட்டிய வண்டியை ஓட வைத்துவிட வேண்டும் என்று வீடியோ பார்த்துப் பிரித்திருப்பார். லீவு முடிந்ததும் அவர் கிளம்பிவிடுவார். சாக்கைத் தூக்கிக்கொண்டு வருவது தம்பியோ மச்சினனோதான். எந்த வாஷர் எங்கே இருந்தது என்று அவர்களிடம் கேட்டுப் பயனில்லை.

வீட்டில் செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பழைய வார்ப்பிரும்பு புல்லட் 350, வீட்டில் செய்வதற்கு ஏற்ற என்ஜின்களில் ஒன்று. 1955-இல் மெட்ராஸில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் இதைச் செய்தது. போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ., 346 சிசி. ஒற்றை சிலிண்டர், தனி கியர்பாக்ஸ், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. பிரிப்பது, கழுவுவது, அளவு பார்ப்பது, திரும்பச் சேர்ப்பது ஆகியவைதான் அதிக நேரம் தின்னும் வேலை. பட்டறைக் கூலியில் பெரும்பங்கு அதற்குத்தான். அதை நீங்களே செய்தால் அந்தப் பணம் மிச்சம். ஆனால் லேத் வேலையிலும் பேரிங்கிலும் மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள் ஒரே என்ஜினை இரண்டு முறை செய்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பிரிக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள்.

புல்லட்டின் ஆயில் டேங்க், கிராங்க்கேஸ் வார்ப்பின் உள்ளேயே இருக்கிறது. வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில் நின்றால் டேங்க் ஆயில் மெல்ல மெல்லப் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் சுற்றும் அறைக்குள் இறங்கிவிடும். அந்த நிலையில் கிக் அடித்தால் மிதி கனக்கும். ஸ்டார்ட் ஆனாலும் தெருவே தெரியாத அளவுக்குப் புகை வரும். "ரிங் போயிடுச்சு, போர் போடணும்" என்று, அதாவது பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் தீர்ப்பு வந்துவிடும். கிராங்க்கேஸின் அடியில் உள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் டம்ளர் டம்ளராக ஆயில் கொட்டும். வடித்துவிட்டு, டேங்க்கில் அளவு பார்த்துப் புது ஆயில் ஊற்றி ஓட்டினால் புகை கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். இதற்காக ஹெட்டைக் கழற்றிய வண்டிகள் எத்தனையோ.

அடுத்தது கம்ப்ரஷன். பிளக்கைக் கழற்றி கேஜ் வைத்துப் பாருங்கள். குறைவாக இருந்தால் பிளக் துளை வழியாக ஒரு சின்னக் கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங்கிலோ போரிலோ தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு சரியாக அமரவில்லை. ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும், கிராங்க்கேஸைத் தொடவே வேண்டாம்.

சரி, பிரித்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டால் முதலில் ஸ்பேனரைக் கவனியுங்கள். பழைய புல்லட்டில் பெரும்பாலும் அங்குல அளவு போல்ட்கள். மி.மீ. ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் தலை உருண்டுபோகும். நல்ல அங்குல ஸ்பேனர் செட் ஒன்று, கிளட்ச்சுக்கும் என்ஜின் ஸ்பிராக்கெட்டுக்கும் புல்லர், இடைவெளி அளக்க ஒரு ஃபீலர் கேஜ், சுத்தியலால் அடித்துத் திருப்பும் இடி ஸ்குரூ டிரைவர். கையில் காசு இருந்தால் இதற்குப் போடுங்கள். இன்னொன்று: டைமிங் பக்கத்தில் கிராங்க்கின் முனையில் ஆயில் பம்பைச் சுற்றுவதற்கு ஒரு வோர்ம் நட் உண்டு. அதற்கு இடது மரை. வழக்கம்போல இடப்பக்கம் திருப்பிப் பலம் கொடுத்தால் கழலாது, இறுகும். அப்புறம் நீளமான பைப் போட்டு நெம்புவார்கள், மரை நாசமாகும். பல சாக்குகளின் கதை இந்த நட்டில்தான் தொடங்குகிறது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னொரு எதிரி உப்புக்காற்று. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்து வண்டிகளில் அலுமினிய கேஸும் இரும்பு ஸ்குரூவும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருக்கும். முந்தின நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். பிறகு இடி ஸ்குரூ டிரைவரால் ஒரு தட்டு. அதற்கும் அசையாவிட்டால் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். கேஸின் இரண்டு பாதிகள் பிரியவில்லை என்று நடுவில் ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்புவது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த முகத்தில் விழும் கீறல் வழியாக ஆயில் கடைசி வரை ஒழுகும். எவ்வளவு பேக்கிங் பேஸ்ட் பூசினாலும் நிற்காது. ஹோனிங் (உள்சுவரைக் கல்லால் தேய்ப்பது) முடிந்த சிலிண்டரைக் கடலோர வீட்டில் ஒரு ராத்திரி சும்மா வைத்தாலே காலையில் செம்மண் நிறம் படிந்திருக்கும். லேத்திலிருந்து வந்ததும் கழுவித் துடைத்து, ஆயில் தடவி, பாலித்தீன் கவரில் கட்டிவிடுங்கள். ஆனி, ஆடிச் சாரலும் ஐப்பசி அடைமழையும் இரண்டுமே கிடைக்கும் ஊர் நம்முடையது. தையில் தொடங்கினால் வேலை நிம்மதியாக நடக்கும்.

பாகங்களைப் பெட்ரோலில் கழுவாதீர்கள். பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து போய், அடுத்த அறையில் எரியும் அடுப்பைக்கூடத் தேடிப் பிடிக்கும். மண்ணெண்ணெய் இப்போது லேசில் கிடைப்பதில்லை. டீசலே போதும், அதையும் திறந்த வெளியில் வைத்தே செய்யுங்கள். பழைய பேக்கிங்கிலும் பிரேக் ஷூவிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்ந்த நிலையில் சுரண்டாமல், கம்ப்ரஸர் காற்றால் ஊதாமல், எண்ணெயில் நனைத்துச் சுரண்டுங்கள். கழிவு ஆயிலைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம். கேனில் அடைத்துப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

கேஸைப் பளபளப்பாக்க பஃப் கடைக்குக் கொடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. என்ஜின் நம்பர் பொறித்த இடத்தில் டேப் ஒட்டி, தொடக்கூடாது என்று வாயாலும் சொல்லிவிட்டு வாருங்கள். நம்பர் தேய்ந்த வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் நிறுத்திப் பதில் சொல்லுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பழைய இரும்புக்கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று பேப்பர் இல்லாத கிராங்க்கேஸை வாங்குவதும் அதே வம்புதான். 15 ஆண்டு கடந்த வண்டிக்கு ஆர்.சி.யை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். என்ஜினில் கை வைப்பதற்கு முன்பே ஆர்.சி. உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது புத்திசாலித்தனம். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனி விண்டேஜ் பதிவு கொண்டுவந்தது, நம்பரில் 'விஏ' வரும். அப்படிப் பதிந்தால் அன்றாடம் ரோட்டில் ஓட்ட முடியாது. மார்த்தாண்டம் சந்தைக்கு ஓட்டிப்போக நினைப்பவருக்கு அது ஒத்துவராது.

இனி லேத். பிஸ்டன் கையில் வந்த பிறகுதான் போர் போடக் கொடுக்க வேண்டும். சிலிண்டரை முதலில் கொடுத்துவிட்டு, பிஸ்டன் அப்புறம் கிடைக்கும் என்று இருந்தால், கிடைத்த பிஸ்டனுக்கு அந்தப் போர் பொருந்தாது. லேத் ஓட்டும் டர்னர் உங்கள் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து அதற்கேற்ற இடைவெளி விட்டுத்தான் போர் போடுவார்; அளக்காமல் வாங்கி வைப்பவரிடமிருந்து சிலிண்டரைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் ரிங்கைத் தனியாகப் போருக்குள் விட்டு, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்கள். 70 மி.மீ. போருக்கு 0.30 மி.மீ.யை ஒட்டி இருந்தால் நல்லது. வாய் முட்டிக்கொண்டால் சூட்டில் ரிங் விரிந்து போரைக் கீறிவிடும். நேர்த்தியான அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துச் சரிசெய்யலாம்.

பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடை மேல்நிலையில் நிறுத்தி, இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம். மேல்கீழாக டக் என்று ஒரு அசைவுகூடக் கூடாது. அசைந்தால் கிராங்க் பிரஸ்ஸுக்குப் போக வேண்டும், வேறு வழியில்லை. ஃபிளைவீல்களைப் பிரித்து, புது பின் போட்டு, டயல் கேஜ் வைத்து நேராக்குவது வீட்டு வேலை அல்ல. சுத்தியலால் தட்டி நேராக்கிய கிராங்க் மேடையிலேயே ஆடும். வண்டியில் கைப்பிடி உதறுவதைப் பெட்ரோல் டேங்க் வரை உணரலாம். பேரிங் மாற்றுவதை மட்டும் வீட்டில் செய்யலாம். கேஸை முழுதாகச் சீராகச் சூடாக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுர்ரென்று ஆவியாகும் சூடு வந்ததும், பழைய பேரிங் தானாக விழும், புதியது தானாக உட்காரும். ஒரே இடத்தில் கேஸ் டார்ச் அடித்தால் வார்ப்பு கோணிவிடும்.

இந்த என்ஜினில் என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட முக்கியம் ஆயில் போகும் வழிதான். பழைய புல்லட்டின் பிக் எண்டில், அதாவது கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் கீழ் முனையில், மிதக்கும் புஷ் (உலோக வளையம்) இருக்கிறது. ரோலர் பேரிங்காவது ஆயில் குறைந்தால் கொஞ்சநேரம் தாங்கும். இந்த புஷ் தாங்காது. ஆயில், டைமிங் கவரிலுள்ள பம்பிலிருந்து கிராங்க்கின் முனை வழியாக பிக் எண்டுக்குப் போகிறது. கவரும் கிராங்கும் சந்திக்கும் இடத்தில் ஒரு சின்ன சீல், பழைய மாடலில் கார்க். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் அது கல்லாக இறுகிச் சுருங்கியிருக்கும். ஆயில் பிக் எண்டுக்குப் போகாமல் அங்கேயே வழிந்துவிடும். மொத்த வேலையிலும் விலை குறைந்த பொருட்களில் ஒன்று இது. இதை மாற்றாமல் சேர்த்த என்ஜின், புது ராடையும் சேர்த்துத் தின்றுவிடும்.

பம்ப் டிஸ்க்குகளைக் கழற்றி, இருக்கை முகத்தைச் சாய்த்துப் பாருங்கள். விரல் நகத்தில் தடுக்கும் வளையக் கீறல் இருந்தால் மிக நேர்த்தியான பேஸ்ட் வைத்து, கையாலேயே எட்டு போடுவதுபோல் சுற்றித் தேய்த்துச் சமனாக்கலாம். நடுவில் மங்கலாகத் தெரிந்த இடம் முழுவதும் ஒரே சாம்பல் நிறமாக வந்தால் போதும். பேஸ்ட்டின் துகள் ஒன்றுகூட மிஞ்சக்கூடாது. துடைத்த துணியில் எதுவும் ஒட்டாத வரை கழுவி, எல்லா ஆயில் துளைகளிலும் மெல்லிய கம்பி விட்டு ஊதுங்கள். சேர்க்கும்போது ஃபில்டர் அறையையும் கிராங்க் துளையையும் ஆயில் நிரப்பியே மூடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். கசிந்தால் ஆயில் சுற்றுகிறது. கசியாவிட்டால் உடனே நிறுத்துங்கள், "கொஞ்ச நேரத்தில் வந்துவிடும்" என்று காத்திருக்காதீர்கள்.

ஹெட் வேலை எளிது. வால்வு கிரைண்டிங்கைக் கையாலேயே முடித்துவிட்டு, போர்ட்டில் டீசல் ஊற்றி சில நிமிடம் பாருங்கள்; வால்வு ஓரத்தில் ஈரம் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். டாப்பெட்டை (வால்வைத் தள்ளும் புஷ்ராடின் இடைவெளியை) ஆறிய என்ஜினில், கம்ப்ரஷன் உச்சியில் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். புஷ்ராடு விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேல்கீழ் ஆட்டம் இருக்கக் கூடாது. ஸ்பார்க்கை உண்டாக்கும் பாயிண்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. பிஸ்டன் உச்சியைத் தொட 0.8 மி.மீ. இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். இதை முன்கூட்டி வைத்தால் வண்டி துள்ளும் என்று சிலர் சொல்வார்கள். துள்ளுவது கிக் மிதி, அதுவும் உங்கள் கணுக்காலில். ஆம்ப் மீட்டர் முள்ளைப் பார்த்து, கம்ப்ரஷனை விடுவிக்கும் டீகம்ப்ரஷர் லிவரை இழுத்து, ஷூ போட்டு மிதியுங்கள். செருப்போடு புல்லட்டை மிதித்துக் கட்டுப்போட்டவர்கள் ஊரில் உண்டு.

தொகை எதுவும் நான் எழுதவில்லை, கடைக்குக் கடை மாறும். வரிசையை மட்டும் சொல்கிறேன். பிஸ்டன், ராடு கிட், பேரிங், சீல் ஆகியவற்றில் நல்லதை வாங்குங்கள். கியர், கவர், கார்ப்பரேட்டர் உடல் போன்றவற்றுக்கு, வேறு வண்டியில் கழற்றிய பழைய ஒரிஜினல், புது டூப்ளிகேட்டைவிட நன்றாக உழைக்கும். குரோமும் பெயிண்ட்டும் கடைசி. ஓடாத வண்டிக்கு முதலில் குரோம் போட்டு நிறுத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் குழாயையும் கார்ப்பரேட்டர் ரப்பர்களையும் எப்படியும் மாற்றுங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறது, பழைய ரப்பர் ஊறிப்போகும். நீண்ட நாள் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் கார்ப்பரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள்.

முதல் ஓட்டத்துக்கு மூடிய ஷெட் கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஸ்டார்ட் பண்ணி ஐட்லிங்கில் மணிக்கணக்கில் விடுவதால் ரிங் பதியாது. மெதுவாக ரோட்டில் ஏற்றி, த்ராட்டிலை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். ஆடி மாதம் முப்பந்தல் பக்கம் எதிர்காற்றில் புது என்ஜினைக் கொண்டுபோய்த் திணற வைக்காதீர்கள். பேச்சிப்பாறை ஏற்றமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ராஜாக்கமங்கலம் பக்கத்துச் சமவெளி ரோடு போதும். நன்றாகச் சூடாகி முழுதாக ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை வரிசைப்படி மறுபடி இறுக்கி, டாப்பெட்டைத் திரும்பப் பாருங்கள். 500 கிலோமீட்டருக்கு முன்பே முதல் ஆயிலை மாற்றுங்கள். வடித்த ஆயிலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, வெயிலில் வைத்து, அடியில் ஒரு காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பசை போல் ஒட்டினால் ரிங் பதிகிற வேலை நடக்கிறது. கண்ணுக்குத் தெரியும் துண்டுகள் ஒட்டினால் வண்டியை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு வாருங்கள்.