ரிசெட் பொத்தானை அழுத்தும் முன்

தைப்பூசத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். ரதம் வருவதற்காகச் சாலையை மூடுவதற்குள் தண்ணீர்மலைப் பக்கம் இருக்கும் என் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று பையைத் தோளில் மாட்டிவிட்டேன். "அக்கா, ஒரு நிமிஷம்" என்று வாசலில் வந்து நின்றார், எங்கள் கல்லூரியில் நிரலாக்கம் நடத்தும் தம்பி. முகத்தைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. அங்கீகார மதிப்பீட்டுக் குழு அடுத்த வாரம் வருகிறது. படிப்பு தொடங்கியபோது சேர்ந்த முதல் அணி மாணவர்கள் அவர் பாடத்தில் எழுதியது எதுவும், நாங்கள் பாடத்தையும் பணிகளையும் இணையத்தில் வைத்திருக்கும் மூடில் தளத்தில் இல்லை.

பினாங்கில் ஒரு தனியார் கல்லூரியின் தர உறுதிப் பிரிவில் வேலை செய்கிறேன். இந்தக் காட்சியை ஆள் மாறி ஆள் பலமுறை பார்த்தாயிற்று. அந்தத் தம்பி சோம்பேறி இல்லை. பாடப் பக்கத்தை அழகாக வைத்திருப்பார். ஒரே பக்கத்தை ஒவ்வொரு செமஸ்டருக்கும் ரிசெட் செய்து பயன்படுத்தினார், நடந்த தப்பு அவ்வளவுதான்.

ரிசெட் செய்தால் விரிவுரை ஸ்லைடும் வினாடி வினாவின் கேள்விகளும் அப்படியே இருக்கும். மாணவர் சமர்ப்பித்த பணிகள், எழுதிய பதில்கள், நாம் போட்ட மதிப்பெண், கருத்துரை எல்லாம் போய்விடும். பானை இருக்கிறது, சோறு இல்லை. தவறுதலாக அழித்த ஒரு செயல்பாட்டைக் கொஞ்ச நாள் பிடித்து வைத்திருக்க மூடிலில் ஒரு குப்பைத்தொட்டி உண்டு. ஆனால் ரிசெட்டில் போனது அந்தத் தொட்டிக்கு வருவதில்லை.

"பேக்கப் எடுத்துத்தான் வச்சிருக்கேன் அக்கா" என்றார். எடுத்துத்தான் இருந்தார், செமஸ்டருக்கு ஒன்றாக ஐந்து கோப்புகள். ஒன்றைத் திறந்து சோதனைப் பக்கத்தில் ஏற்றிப் பார்த்தோம். ஒரு மாணவர் பெயர்கூட இல்லை. மூடிலின் வழக்கமான அமைப்பில் விரிவுரையாளர் எடுக்கும் பேக்கப்பில் மாணவர் தரவு சேராது. அதற்கு நிர்வாகி அளவில் உரிமை வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்குகிறார்களோ!

தேர்வுப் பிரிவிலிருந்து மதிப்பெண் பட்டியல் கிடைத்தது. பழைய மின்னஞ்சல்களைத் துழாவியதில் சில மாணவர் பணிகள் கிடைத்தன. மிச்சத்தை ஒளிக்காமல், தொலைந்துவிட்டது என்று குழுவிடம் எழுதியே கொடுத்தோம். திருத்த வேண்டியவற்றில் ஒன்றாக அவர்களும் குறித்துக்கொண்டார்கள். சிலர் இந்த நேரத்தில் உட்கார்ந்து 'மாதிரி விடைத்தாள்' தயாரிப்பார்கள். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். பதிவு தொலைந்தால் அது ஒரு குறை. பொய்ப் பதிவு தயாரித்தால் அடுத்த தடவை எதைக் காட்டினாலும் நம்ப மாட்டார்கள்.

மூன்று வருடத்துக்கு முந்தினது இப்போது எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. ஒரு படிப்பைத் தொடங்க, மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ. முதலில் தற்காலிக அங்கீகாரம் தருகிறது. முதல் அணி மாணவர்கள் இறுதி ஆண்டை எட்டும்போது முழு அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கிறோம். அப்போது அந்த முதல் அணி கடந்து வந்த பாதை முழுவதையும் காட்ட வேண்டும். அந்தப் பாதையின் தொடக்கத்தைத்தான் நாம் ரிசெட் செய்துவிட்டோம்.

படிப்புகளை அங்கீகரிக்க எம்.கியூ.ஏ. வைத்திருக்கும் நெறிமுறையின், 2017-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஏழு பகுதிகள் இருக்கின்றன. இணையப் பாடப்பொருள் என்றதும் எல்லாரும் 'கல்வி வளங்கள்' என்ற ஒரு பகுதியில் அதைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். கேள்வி அதிகம் வருவது மற்ற பகுதிகளிலிருந்து: மதிப்பீடு எப்படி நடந்தது, கேள்வித்தாளை யார் சரிபார்த்தார், போன தடவை மாணவர் தடுமாறிய இடத்தில் இந்தத் தடவை எதை மாற்றினீர்கள். இதற்கெல்லாம் ஸ்லைடு பதில் சொல்லாது.

அப்புறம் மணிக்கணக்கு. ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரம் மாணவரின் கற்றல் நேரம் என்பது நம் நாட்டுக் கணக்கு. மூன்று கிரெடிட் பாடம் என்றால் 120 மணி. வாரம் மூன்று மணி நேரம், 14 வாரம் நேரில் பாடம் நடத்தினால் 42 மணி. மீதி 78 மணியில் மாணவர் என்ன செய்தார்? விரிவுரையாளர்கள் 'டேபிள் 4' என்று சொல்லும் படிவத்தில் அதை வாரம் வாரியாகப் பிரித்து அழகாக நிரப்பியிருப்போம். ஏழாம் வாரத்தில் 'இணையவழிச் செயல்பாடு, இரண்டு மணி' என்று இருக்கும். மூடிலில் ஏழாம் வாரத்தைத் திறந்தால் பன்னிரண்டு ஸ்லைடு உள்ள ஒரு பிடிஎஃப். அதைப் புரட்ட எனக்கு நான்கு நிமிடம் ஆகிறது. அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் முதலில் விரல் வைப்பது இந்த இடத்தில்தான். நான் இப்போது படிவத்தையும் பாடப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, வரிக்கு வரி ஒப்பிட்ட பிறகே கையெழுத்துப் போடுகிறேன்.

2020 மார்ச் 18 அன்று கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் பாடப்பொருள் நாலா பக்கமும் சிதறியது. ஒருவர் கூகுள் டிரைவில், ஒருவர் யூடியூபில், இன்னொருவர் வாட்ஸ்அப் குழுவில். அவசரத்தில் செய்தது, யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. சொந்தக் கணக்கில் பாடத்தை வைத்தவர் வேலையை விட்டுப் போனால் பாடமும் அவரோடு போய்விடும். கல்லூரிக் கணக்கு என்றாலும், ஆள் போனதும் கணக்கை மூடினால் கதை அதுதான். துறையின் பொது டிரைவில் வையுங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

பாடநூலை முழுசாக ஸ்கேன் செய்து ஏற்றுவது 1987 பதிப்புரிமைச் சட்டத்தோடு மோதும் விஷயம். நூலகத்திடம் கேட்டு இணைப்பாகக் கொடுங்கள். மாணவர் பெயரும் அடையாள எண்ணும் தெரியும் விடைத்தாளை, யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய இணைப்பில் போடுவதும் கூடவே கூடாது.

இப்போது எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு செமஸ்டருக்கும் புதுப் பக்கம். பழையதிலிருந்து பாடப்பொருளை மட்டும் நகலெடுக்கிறோம். பழைய பக்கத்தை மாணவர் கண்ணுக்கு மறைக்கிறோம், அழிப்பதில்லை. பெயரில் பாடக் குறியீடும் ஆண்டும் செமஸ்டரும் கட்டாயம். 'புதுசு', 'ஃபைனல்', 'ஃபைனல் 2' என்ற பெயரெல்லாம் செல்லாது. மதிப்பெண் உறுதியானதும் கணினிப் பிரிவு மாணவர் தரவோடு பேக்கப் எடுக்கிறது. அதிக மதிப்பெண், நடுத்தரம், குறைவு என்று மூன்று வகை விடைத்தாள் மாதிரிகளை விரிவுரையாளர் அதே வாரத்தில் எடுத்து வைத்துவிட வேண்டும். விடுமுறைக்குப் போய்விட்டு வந்து செய்கிறேன் என்பவரிடம் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன்.

குழு வருவதற்கு முன் அவர்களுக்குத் தரப்போகும் விருந்தினர் கணக்கை நாமே திறந்து பார்க்க வேண்டும். அலுவலகக் கணினியில் பார்த்தால் போதாது, நம் கணக்கு ஏற்கெனவே உள்ளே இருப்பதால் எல்லாமே திறக்கும். போன முறை வீட்டில், மகளின் போனில் திறந்து பார்த்தேன். ஒன்பதாம் வார வீடியோவைத் தட்டினால் 'அனுமதி கேளுங்கள்' என்று வந்தது. அந்த வீடியோவின் சொந்தக்காரர் வேலையை விட்டு ஜொகூர் பாருவுக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. நல்ல மனிதர், போன் போட்டதும் எடுத்தார்.