சொல் விளக்கம்: வான்வெளி வகுப்பு

எயார்ஸ்பேஸ் கிளாஸ் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? எயார்ஸ்பேஸை "இலங்கை வான்பரப்பு" என்று கொழும்பு நாளிதழ்கள் எழுதுகின்றன. ஒரு நாட்டின் எல்லைக்கு மேலுள்ள வானம், அதன் மீது அந்த நாட்டுக்குள்ள இறைமை என்ற பொருளுக்கு அந்தச் சொல் போதும். இரத்மலானையில் பறக்கப் பழகும் ஒருவருக்கு அது போதாது. பரப்பு என்றால் நீளமும் அகலமும்தான். கணிதப் பாடத்தில் பரப்பளவு என்று படித்த அதே சொல். விமானிக்குத் தேவைப்படுவதோ அடியும் முகடும் உள்ள ஒரு கனவடிவம். ஒரே ஊருக்கு மேலே 1,000 அடியில் ஒரு விதியும் 3,000 அடியில் வேறொரு விதியும் இருக்கலாம். வரைபடத்தில் வட்டத்தை மட்டும் பார்த்து உயரத்தைப் பார்க்காமல் விடும் பிழை, பரப்பு என்று நினைக்கும் மனதில்தான் பிறக்கிறது. எனவே விமானிப் பாடத்துக்கு நாம் பரிந்துரைப்பது வான்வெளி.

வெளி பழைய சொல், நல்ல சொல். யாழ்ப்பாணத்து முற்றவெளியை நினைத்துப் பாருங்கள். திறந்து கிடக்கும் இடம்தான், ஆனாலும் அதற்கு விளிம்பு உண்டு. ஐம்பூதங்களை எண்ணும்போது வளி வேறு, விசும்பு வேறு என்று தமிழ் பிரித்துச் சொல்கிறது. அந்த விசும்புக்கே வெளி என்றும் ஒரு பெயர் இருக்கிறது. வான் என்ற சொல்லுக்குள் வானமும் மேகமும் மழையும் அடக்கம். மேகத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதே பாதி விதியாக இருக்கும் ஒரு துறைக்கு இதைவிடப் பொருத்தமான முன்னொட்டு கிடைக்காது. விண்வெளி என்று எழுதிவிடக் கூடாது. அது செய்மதிகள் சுற்றும் இடம்.

எயார்ஸ்பேஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சட்ட எடை வந்தது 1919ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையோடு. தன் நிலத்துக்கு மேலுள்ள வான்வெளியில் ஒவ்வோர் அரசுக்கும் முழுமையான, தனியான இறைமை உண்டு என்று அது ஏற்றது. 1944 டிசம்பர் 7இல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையின் முதல் உறுப்புரையும் அதையே சொல்கிறது. அந்த வெளியை ஏ முதல் ஜி வரை ஏழு எழுத்துகளாகப் பிரிக்கும் இன்றைய முறை மிகவும் பிந்தியது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1990இல் அதை ஏற்றது. சிகாகோ உடன்படிக்கையின் 11ஆம் இணைப்பில் அது இருக்கிறது.

இனி 'கிளாஸ்'. இதற்குத் தரம் என்று எழுதுவோர் உண்டு. இலங்கைப் பாடசாலையில் தரம் ஐந்து, தரம் பத்து என்று சொல்லிப் பழகியவர்களுக்கு அது இயல்பாகவே வரும். ஆனால் தரம் என்றவுடன் உயர்வு தாழ்வு வந்துவிடும். ஏ எழுத்து வான்வெளி சிறந்தது, ஜி மட்டமானது என்று மாணவர் எண்ணத் தொடங்கினால் பாடம் முழுவதும் கோணலாகிவிடும். வகுப்பு என்பதே சரி. வகு என்ற வினையிலிருந்து வந்தது அது. யாரோ ஒருவர் வேண்டுமென்றே பிரித்து வைத்தது என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. காற்றில் இயற்கையாக எந்த வேறுபாடும் இல்லை. தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளர் உங்களுக்கு என்ன செய்யக் கடமைப்பட்டவர், நீங்கள் அவருக்கு என்ன செய்யக் கடமைப்பட்டவர் என்ற ஏற்பாட்டின் பெயர்தான் அந்த எழுத்து. கட்டுப்பாட்டுக் கோபுரம் இயங்கும் நேரத்தில் ஒரு வகுப்பு, மூடிய பின் வேறு வகுப்பு என்று ஒரே வெளி நாளுக்கு இருமுறை மாறும் விமான நிலையங்கள் உலகில் பல உள்ளன.

அந்த ஏற்பாட்டை இரண்டு சொற்களில் பிடிக்கலாம்: இடைவெளி பேணல், போக்குவரத்துத் தகவல். முதலாவதில் உங்களுக்கும் மற்ற விமானத்துக்கும் நடுவே குறித்த தூரத்தை வைத்திருப்பது கட்டுப்பாட்டாளரின் பொறுப்பு. இரண்டாவதில் அவர் சொல்வார், பார்த்து விலகுவது உங்கள் பொறுப்பு.

ஏ வகுப்பில் கருவிப் பறப்பு விதிகளின்படி, அதாவது விமானத்தின் கருவிகளைக் கொண்டு, பறப்பவர்களுக்கு மட்டுமே இடம். கண்ணால் பார்த்துப் பறப்பவருக்கு, அதாவது கட்புலப் பறப்பு விதிகளில் செல்பவருக்கு, அங்கே வேலை இல்லை. பி வகுப்பில் இருவகையினரும் பறக்கலாம். எல்லோருக்கும் எல்லோரிடமிருந்தும் இடைவெளி பேணப்படும். மாணவர்கள் தடுமாறுவது சி வகுப்பில். அங்கே கருவிப் பறப்பு விமானத்திலிருந்து உங்களுக்கு இடைவெளி பேணுவார்கள். உங்களைப் போலவே கட்புலப் பறப்பில் வரும் இன்னொரு பயிற்சி விமானத்திலிருந்து பேண மாட்டார்கள். தகவல் மட்டும் வரும். "செஸ்னா 152, உங்கள் 2 மணித் திசை, 3 மைல், எதிராக வருகிறது" என்ற பொருளில் ஒரு வரி காதில் விழும். 2 மணித் திசை என்றால் கடிகார முகத்தில் 2 இருக்கும் பக்கம். அந்த வரி விலகு என்ற கட்டளை அல்ல. தலையைத் திருப்பித் தேட வேண்டும். கண்டால் கண்டேன் என்றும், காணாவிட்டால் தேடுகிறேன் என்றும் உடனே சொல்ல வேண்டும். காணாத விமானத்தைக் கண்டதாகச் சொல்வது இந்தத் துறையில் செய்யக்கூடிய மிக மோசமான மரியாதை. டி வகுப்பில் கருவிப் பறப்பு விமானங்கள் தமக்குள் மட்டும் பிரிக்கப்படும். உங்களுக்கு எல்லோரைப் பற்றியும் தகவல்தான்.

ஈ வகுப்பு பெயரளவில் கட்டுப்பாட்டு வான்வெளி. ஆனால் கட்புலப் பறப்பில் செல்பவர் அனுமதி இல்லாமலே உள்ளே போகலாம். எஃப் ஆலோசனைச் சேவை உள்ளது, ஜி தகவல் சேவை மட்டும் உள்ளது, இரண்டும் கட்டுப்பாடற்றவை.

பி, சி, டி மூன்றிலும் நுழையும் முன் அனுமதி பெற வேண்டும். அமெரிக்கக் காணொளிகளையும் கைநூல்களையும் வைத்துப் படிக்கும் கொழும்பு மாணவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். அமெரிக்கா 1993 செப்டெம்பர் 16இல் இந்த எழுத்துகளுக்கு மாறியபோது சி, டி வகுப்புகளுக்குத் தனி ஏற்பாட்டை வைத்துக்கொண்டது. அங்கே இருவழித் தொடர்பு ஏற்பட்டாலே போதும். கட்டுப்பாட்டாளர் உங்கள் அழைப்புக் குறியைச் சொல்லி "ஸ்டாண்ட்பை" என்றால் தொடர்பு ஏற்பட்டதாகக் கணக்கு, உள்ளே போகலாம். சர்வதேச விதியில் அது அனுமதியே அல்ல, மறுப்பும் அல்ல. பொறுத்திரு என்பது மட்டுமே. அனுமதி என்ற சொல் காதில் விழும் வரை எல்லைக்கு வெளியே வட்டமிட வேண்டும். அதற்கு இடம் வேண்டுமென்றால் எல்லைக்கு மிகக் கிட்டப் போய் அழைக்கக் கூடாது. 90 நொட் வேகத்தில் நிமிடத்துக்கு ஒன்றரைக் கடல்மைல் ஓடிவிடும். ஐந்து நிமிடம் முந்தியே அழைப்பது நல்லது. அனுமதி கிடைத்ததும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். உயரம், உயரமானியில் பதிக்க வேண்டிய அமுக்க அளவு, ரேடாருக்கு உங்கள் விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பொண்டர் கருவியின் குறியெண் எதையும் விடாமல் சொல்ல வேண்டும். "ரொஜர்" என்பது கேட்டேன் என்பதற்கு மட்டுமே விடை.

இன்னொரு அமெரிக்கக் கணக்கும் இங்கே செல்லாது. அவர்களுடைய பார்வைத் தூரம் தரை மைலில் வரும், மேகத் தூரம் 500, 1,000, 2,000 அடி என்று வரும். சர்வதேச அட்டவணை வேறு. 10,000 அடிக்கும் அதற்கு மேலும் பார்வைத் தூரம் 8 கிலோமீற்றர், அதற்குக் கீழே 5 கிலோமீற்றர். மேகத்திலிருந்து கிடையாக 1,500 மீற்றர், குத்தாக 300 மீற்றர், அதாவது 1,000 அடி. எஃப், ஜி வகுப்புகளில், 3,000 அடியிலும் அதற்குக் கீழும், அல்லது நிலத்திலிருந்து 1,000 அடி வரை, இவற்றில் எது உயரமோ அதுவரை, மேகத்தைத் தொடாமல் தரை தெரியப் பறந்தால் போதும்.

இந்த 1,500 மீற்றர் எதற்கு? மேகத்துக்குள் இருந்து 240 நொட் வேகத்தில் ஒரு பயணிகள் விமானம் வெளிப்படுகிறது என்று வையுங்கள். விநாடிக்கு ஏறக்குறைய 123 மீற்றர். நீங்கள் எதிர்த்திசையில் 90 நொட்டில் போகிறீர்கள், விநாடிக்கு 46 மீற்றர். 1,500 மீற்றர் இடைவெளி ஒன்பது விநாடிக்குள் முடிந்துவிடும். அந்த ஒன்பது விநாடிக்குள்தான் இருவரும் காண வேண்டும், விலக வேண்டும். இரத்மலானைக்கும் கட்டுநாயக்கவுக்கும் நடுவே நேர்கோட்டில் ஏறக்குறைய 40 கிலோமீற்றர்தான். செஸ்னாவுக்குக் கால் மணி நேரத் தூரம். பெரிய விமானங்கள் இறங்கும் வெளியும் பயிலுநர் பழகும் வெளியும் அவ்வளவு அருகில் இருக்கின்றன.

எண்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கப் பழக வேண்டும். கொழும்பின் தாமரைக் கோபுரம் 350 மீற்றர், ஏறக்குறைய 1,150 அடி. நெரிசலான நகருக்கு மேல் பறக்கும்போது 600 மீற்றர் ஆரைக்குள் உள்ள மிக உயர்ந்த தடைக்கு மேல் 1,000 அடி இருக்க வேண்டும். ஆகவே கோபுரத்தை அண்டிப் பறப்பதானால் 2,150 அடி. கட்டுப்பாட்டு வான்வெளியில் மேகத்துக்குக் கீழே இன்னொரு 1,000 அடி வேண்டும். மேகத்தின் அடிமட்டம் 3,150 அடிக்குக் கீழே இறங்கிய நாளில் அந்தப் பாதைக்கு இடமே இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அந்த அடிமட்டம் 2,000 அடிக்குக் கீழே வரும் நாட்கள் உண்டு. இது கணக்குப் பழகுவதற்கான எடுத்துக்காட்டு. நகருக்கு மேலே போகலாமா என்பதைத் தடைசெய்யப்பட்ட பகுதிகளின் பட்டியலில் தனியே பார்க்க வேண்டும்.

உயரமானி காட்டும் எண்ணை நம்பி மேலுள்ள வான்வெளியின் அடிமட்டத்தை உரசிவிடுவது இன்னொரு வழமையான பிழை. வெப்பவலயத்தில் வளிமண்டல அமுக்கம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். காலை, இரவு 10 மணியை ஒட்டி உச்சம். மாலை, அதிகாலை 4 மணியை ஒட்டித் தாழ்வு. ஏற்ற இறக்கம் 3 ஹெக்டோபாஸ்கல் அளவில் இருக்கும். கடல்மட்டத்தை அண்டி ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறக்குறைய 27 அடி. காலை 6 மணிக்கு உயரமானியில் அமுக்கத்தை 1009 என்று பதித்துப் புறப்பட்டவர், 9 மணிக்கு அமுக்கம் 1012 ஆன பின்பும் அதை மாற்றாமல் 1,450 அடியில் பறந்தால், உண்மையில் அவர் 1,530 அடியில் இருக்கிறார். மேலே 1,500 அடியில் தொடங்கும் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்துவிட்டார். கருவியோ ஒரு பிழையும் காட்டவில்லை. பிற்பகல் இடிமழைக்கு அஞ்சிப் பயிற்சியைக் காலையில் வைத்துக்கொள்ளும் ஊரில் இந்தப் பிழைக்கு வாய்ப்பு அதிகம். மணிக்கு ஒருமுறையாவது புதிய அமுக்க அளவைக் கேட்டுப் பதிக்க வேண்டும், அந்த அடிமட்டத்திலிருந்து 200 அடியாவது விட்டுப் பறக்க வேண்டும். இரண்டு வகுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொடும் உயரத்தில், கட்டுப்பாடு குறைந்த வகுப்பின் விதியே பொருந்தும் என்று 11ஆம் இணைப்பு சொல்கிறது. தேர்வில் கேட்பார்கள், ஆனால் அதை நம்பிச் சரியாக அந்தக் கோட்டில் பறக்காதீர்கள்.

துணைச் சொற்கள் சில. தரையிலிருந்தே எழும் கட்டுப்பாட்டு வெளியைக் கட்டுப்பாட்டு வலயம் என்கிறோம். கல்வி வலயம் என்று நாம் நாள்தோறும் சொல்லும் சொல்தான்; வளையம் என்ற மூலப்பொருளும் இங்கே ஒட்டி நிற்கிறது, ஏனெனில் விமான நிலையத்தைச் சுற்றி, இறங்கும் திசைகளில் குறைந்தது 5 கடல்மைலுக்கு அது விரிய வேண்டும். தரையைத் தொடாமல் மேலே ஓர் உயரத்தில் தொடங்குவது கட்டுப்பாட்டுப் பகுதி. அதன் அடி தரையிலிருந்து 700 அடிக்குக் குறையக் கூடாது. இரண்டையும் உள்ளடக்கிக் கடல்மீது நெடுந்தூரம் பரந்திருப்பது கொழும்புப் பறப்புத் தகவல் பிராந்தியம். கிளியரன்ஸ் என்பதற்கு அனுமதி போதும். இசைவு என்று எழுதினால் கட்டுப்பாட்டாளர் சம்மதித்தார் என்ற மென்மை வந்துவிடுகிறது, கட்டுப்படுத்தும் வலு போய்விடுகிறது.

எழுத்துகளைத் தமிழாக்க வேண்டியதில்லை. ஏ, பி வகுப்புகளைக் க வகுப்பு, ங வகுப்பு என்று மாற்றினால் வரைபடத்தோடு ஒட்டாது. பி, சி, டி, ஈ, ஜி என்று சொன்னால் இரைச்சலில் எல்லாம் ஒன்றுபோலக் கேட்கும். அதனால்தான் பிராவோ, சார்லி, டெல்டா, எக்கோ, கோல்ஃப். தமிழ்ச் சொற்கள் தரைப் பாடத்துக்கும், குறிப்பேட்டுக்கும், ஒருவருக்கொருவர் விளக்குவதற்கும். வானொலியில் வகுத்து வைத்த ஆங்கிலத் தொடர்களை ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்ல வேண்டும்.

எந்த இடத்துக்கு எந்த வகுப்பு என்பதை நண்பரிடம் கேட்டு எழுதிக்கொள்ளாதீர்கள். இலங்கையின் வானூர்தித் தகவல் வெளியீட்டில் ஈ.என்.ஆர். எனப்படும் பறப்புப் பாதைகள் பற்றிய பகுதியின் 1.4 பிரிவு வகுப்புகளின் விதிகளையும், 2.1 பிரிவு பிராந்தியத்தின் எல்லைகளையும், 5.1 பிரிவு தடைசெய்யப்பட்ட, மட்டுப்படுத்தப்பட்ட, ஆபத்தான பகுதிகளையும் தரும். விமான நிலையத்தைச் சுற்றியுள்ள வலயத்தின் அளவு, வகுப்பு, இயங்கும் நேரம் ஆகியவை ஏ.டி. எனப்படும் விமான நிலையப் பகுதியின் 2.17இல் இருக்கும். அங்கே உள்ள நேரம் உலகப் பொது நேரம். இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். பறக்கும் நாளில் நோட்டாம் (NOTAM) எனப்படும் விமானிகளுக்கான அறிவித்தல்களையும் அதே மேசையில் வைத்துப் பாருங்கள், பென்சிலால் வரைபடத்தில் ஒவ்வொரு வலயத்துக்கும் பக்கத்தில் மூன்று விவரங்களை எழுதுங்கள்: வகுப்பு, அடி, முகடு.