தளம் போடுற அன்னைக்கு தண்ணிய அளந்து ஊத்துங்க

போன மாசம் திருமங்கலம் பக்கம் ஒரு வீட்டுக்கு கூப்பிட்டிருந்தாங்க. கட்டி நாலு வருஷம்தான் ஆகுது, மழை பெஞ்சா ஹால் சீலிங்ல ஈரம் படருது, மேல ரெண்டு தடவை வாட்டர்ப்ரூஃபிங் அடிச்சும் நிக்கல. ஈரம் தெரிஞ்ச இடத்துல பூச்ச கொஞ்சம் தட்டி எடுத்துட்டு ஸ்க்ரூடிரைவர் முனைய வச்சு கீறிப் பாத்தேன், கான்கிரீட் மாவு மாதிரி உதிருது, ஜல்லி தனியா கைல வருது, உள்ள கம்பி துருப்பிடிச்சு உப்பிப் போயிருக்கு. வீட்டுக்கார ஐயா ரிட்டயர் ஆன பணத்த அப்படியே அதுல போட்டவர். "தம்பி, சிமென்ட்டு கம்பி எல்லாம் நானே கூட நின்னு நல்லதா பாத்து வாங்குனேனே, அப்புறம் எப்படி?"ன்னு கேட்டாரு.

பேசப் பேசத்தான் விஷயம் வெளிய வந்துச்சு. தளம் போட்ட அன்னைக்கு கலவை இறுகலா இருக்குன்னு சொல்லி டியூப நேரா மிக்ஸருக்குள்ள விட்டிருக்காங்க. அப்புறம் வீட்ல ஒரு கல்யாணம், எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க, அஞ்சாம் நாளோட மேல தண்ணி கட்டுறதும் நின்னு போச்சு. வாங்குன சிமென்ட்டு நல்ல சிமென்ட்டுதான், தண்ணிலதான் எல்லாம் போச்சு.

நான் இந்த வேலைக்கு வந்து 18 வருஷம் ஆச்சு, பழுதுன்னு என்னைக் கூப்பிடுற வீடுகள்ல பாதிக்கு மேல இதே கதைதான். ஒரு மூட்டை சிமென்ட் 50 கிலோ. வீட்டுத் தளத்துக்குப் போடுற எம்20 கலவை, அதாவது 1 பங்கு சிமென்ட்டுக்கு ஒன்றரை பங்கு மணல், 3 பங்கு ஜல்லி. இதுக்கு ஐஎஸ் 456, அதாவது நம்ம நாட்டு கான்கிரீட் விதிப் புத்தகம், சொல்றது மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல தண்ணி போகக்கூடாதுன்னு, நான் 27லயே நிறுத்திருவேன். நம்ம பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும்னு வச்சா முழுசா ரெண்டு குடம் கூட கிடையாது. அதுலயும் எம்-சாண்ட் ஈரமா வந்து இறங்கியிருந்தா 100 கிலோ மணல்ல 5 சதவீத ஈரம்னாலே 5 லிட்டர் தண்ணி ஏற்கனவே உள்ள இருக்கு, அதைக் கழிச்சுக்கணும். மழைக்கு மறுநாள் தளம் போடுறவங்க இத கண்டிப்பா பாருங்க.

கூட ஊத்துனா என்ன ஆகும்னு நிறைய பேர் கேக்குறாங்க. சிமென்ட் தனக்கு வேணுங்கிற தண்ணியத்தான் பிடிச்சு வச்சுக்கும், மிச்சம் ஆவியாப் போயிரும், போன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையா நிக்கும், அந்த ஓட்டை வழியாத்தான் மழைத்தண்ணியும் காத்தும் கம்பி வரைக்கும் போகுது. மேல எந்த பெயின்ட் அடிச்சாலும் அது ரெண்டு மூணு வருஷம்தான் தாங்கும்.

மேஸ்திரிய மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். கலவை இறுகலா இருந்தா சட்டி தூக்குறவங்களுக்கும் கஷ்டம், பீம்ல கம்பி நெருக்கமா இருக்கிற இடத்துல இறங்காது, சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும்ங்கிற அவசரம் வேற. அதனால கலவைய அதிர வச்சு இறக்குற வைப்ரேட்டர் மெஷின் ரெண்டு வாடகைக்கு எடுங்க, ஒண்ணு நடுவுல நின்னு போனாலும் வேலை நிக்காது. கலவை இளக்கமா வேணும்னா அட்மிக்ஸ்சர்னு கலவைல சேக்குற மருந்து இருக்கு, டப்பாவுல போட்டிருக்கிற அளவுக்கு அளந்து ஊத்துனா தண்ணி கூட்டாமலே கலவை ஓடும். ரெடிமிக்ஸ் லாரி வந்தாலும் இதே கதைதான், பம்ப் ஈஸியா தள்ளணும்னு லாரி டிரம்முக்குள்ள டியூப விடுவாங்க, கிட்ட நின்னு வேண்டாம்னு சொல்லுங்க, நம்ம காசுதான சார்.

இன்னொண்ணு, மட்டம் தட்டும்போது மேல தண்ணி கசிஞ்சு நின்னா சிமென்ட் பவுடர தூவி தேய்ப்பாங்க. பாக்க வழுவழுன்னு இருக்கும், ஆனா அது ஓடு மாதிரி தனியா நின்னு வெடிக்கும், பின்னாடி பேந்து வரும். விடாதீங்க.

அஸ்திவாரத்துல இதே தப்பு வேற மாதிரி நடக்குது. குழி வெட்டி வச்சிருப்போம், ராத்திரி மழை பெஞ்சு முழங்கால் அளவு தண்ணி நிக்கும், "கான்கிரீட் போட்டா தண்ணி தானா மேல வந்துரும்"னு அப்படியே கொட்டுவாங்க. சிமென்ட் பால் மொத்தமும் கரைஞ்சு போயிரும். மோட்டார் வச்சு இறைச்சு, அடியில சேறா இருக்கிற மண்ண வழிச்சு எடுத்துட்டு, 4 இஞ்ச் பிசிசி (கம்பி இல்லாத சாதா கான்கிரீட்) போட்டு, அது மேல 50 மில்லிமீட்டர் கவர் பிளாக் (கம்பி மண்ணுல படாம தூக்கி நிறுத்துற கட்டை) வச்சு கம்பிய உக்கார வைங்க. உடைஞ்ச ஜல்லிய கம்பிக்கு அடியில சொருகுற பழக்கத்த இத்தோட விட்ருங்க.

போர் தண்ணி உப்பா இருக்கிற ஊர்க்காரங்க (ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் நிறைய பேரு) வேலை ஆரம்பிக்கும் முன்ன தண்ணிய லேப்ல குடுத்து டெஸ்ட் பண்ணுங்க. கம்பி கான்கிரீட்டுக்கு குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது. கலக்குறதுக்கு லாரி தண்ணி வாங்கிட்டு, கியூரிங்குக்கு (போட்ட கான்கிரீட்ட நனைச்சு வைக்கிறதுக்கு) அதே உப்புத் தண்ணிய கட்டுறவங்களையும் பாத்திருக்கேன், அதுவும் கம்பியத்தான் திங்கும்.

இப்ப கியூரிங். மூட்டையில பிபிசின்னு (PPC, சாம்பல் மாதிரி பொருள் கலந்த சிமென்ட்) போட்டிருக்கான்னு பாருங்க, இப்ப கடையில கிடைக்கிறது பெரும்பாலும் அதுதான். அதுக்கு குறைஞ்சது 10 நாள், 14 நாள் கட்டுனா நல்லது. மறுநாள் காலைலயே பாத்தி கட்டி ரெண்டு இஞ்ச் தண்ணி நிறுத்திருங்க, காலைல ஒருக்கா சாயங்காலம் ஒருக்கா டியூப்ல தெளிக்கிறது பத்தாது, சித்திரை வெயில்ல அரை மணி நேரத்துல காஞ்சிரும். வெயில் காலத்துல போட்ட அன்னைக்கு சாயங்காலமே மேல மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு வரும், அதனால மட்டம் தட்டி முடிச்சதும் தார்ப்பாய் போட்டு மூடுங்க. பில்லருக்கு சாக்கு சுத்தி நனைச்சுக்கிட்டே இருக்கணும், இத முக்கால்வாசி பேர் மறந்துடுறாங்க.

அந்த ஐயா வீட்ல இப்ப துருப்பிடிச்ச இடத்தையெல்லாம் உடைச்சு கம்பி சுத்தம் பண்ணி ரிப்பேர் நடக்குது, அதுக்கே லட்சக்கணக்குல ஆகுது. அவரோட சின்ன பையன் பக்கத்துலயே வீடு கட்ட ஆரம்பிச்சிருக்காரு, போன வாரம் பில்லர் போட்டோம். ஐயா ஒரு பக்கெட்ல 13.5 லிட்டருக்கு பெயின்ட்ல கோடு போட்டு கொண்டு வந்து, மூட்டைக்கு ரெண்டு பக்கெட்னு தானே நின்னு ஊத்துனாரு. அடுத்த மாசம் தளம், 14 நாளைக்கும் டேங்கர் தண்ணிக்கு இப்பவே சொல்லி வச்சாச்சு.