கொழுப்பில்லாத சிப்ஸும் வேட்டியில் ஒரு கறையும்

"டாக்டரம்மா, இது கேன்சர்தானே?" என்று கேட்டுக்கொண்டேதான் நாற்காலியில் உட்கார்ந்தார். வயது 58, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வலி இல்லை, ரத்தம் போகவில்லை, பசி நன்றாக இருக்கிறது. பத்து நாளாக மலம் எண்ணெயாகப் போகிறது என்பதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. மிச்சத்தை மனைவிதான் சொன்னார்: "வெள்ளை வேட்டியில ஊறுகாய் எண்ணெய் கொட்டின மாதிரி ஆரஞ்சுக் கறை டாக்டர். வர்றதே அவருக்குத் தெரியல."

குழாய் விட்டுப் பார்ப்பதற்கு முன் வாயால் கேட்டுப் பார்ப்பது என் வழக்கம். புதிதாக என்ன சாப்பிடுகிறீர்கள்? கொஞ்சம் தயங்கிவிட்டு, மச்சான் கொடுத்த ஆர்லிஸ்டாட் மாத்திரை என்றார். உடம்பு குறையுமாம். கொழுப்பு உடம்பில் ஒட்டாது என்று மச்சான் சொன்னதை நம்பி, சாயங்காலம் பஜ்ஜியும் நேந்திரங்காய் சிப்ஸும் தாராளமாகப் போயிருக்கின்றன.

இதே கறையை முன்னிட்டு அமெரிக்காவில் ஒரு காலத்தில் பெரிய சர்ச்சையே நடந்தது. அங்கே காரணம் மாத்திரை இல்லை, சிப்ஸ் பொரித்த எண்ணெய். பெயர் ஒலெஸ்ட்ரா. 1968-இல் புராக்டர் அண்ட் கேம்பிள் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது. சாதாரண எண்ணெயில் ஒரு கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்ந்திருக்கும். கணையத்திலிருந்து வரும் லைப்பேஸ் நொதி அதை வெட்டிக் கொடுத்தால்தான் குடல் உறிஞ்சும். ஒலெஸ்ட்ராவில் நடுவில் இருப்பது சர்க்கரை. அதைச் சுற்றி ஆறு முதல் எட்டுக் கொழுப்பு அமிலங்கள், பலாப்பழத்து முள் மாதிரி நெருக்கமாக. நொதி நுழைய இடமில்லை. ஆகவே நாக்குக்கு எண்ணெய் ருசி, கலோரி கணக்கில் பூஜ்யம்.

சரி, உறிஞ்சப்படாத எண்ணெய் எங்கே போகும்? உள்ளே போனபடியே வெளியே வரும். நம் ஆசனவாய்த் தசை கெட்டியான மலத்தை நன்றாகப் பிடித்து வைக்கும். மலத்தோடு கலக்காமல் தனியே மிதக்கும் எண்ணெயிடம் அதன் ஜம்பம் பலிக்காது. வாயு என்று நினைத்து விட்டால் கூடவே எண்ணெயும் வந்துவிடும். ஆரம்பகால ஒலெஸ்ட்ரா நீர்மமாக இருந்ததால் இந்தக் கசிவு அதிகம். பிறகு உடல் சூட்டிலும் கெட்டியாக நிற்கும்படி மாற்றினார்கள்.

1996 ஜனவரியில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, கார வகை நொறுக்குத் தீனியில் ஒலெஸ்ட்ராவைச் சேர்க்க அனுமதி தந்தது. வயிற்றுப் பிடிப்பும் இளகிய மலமும் வரலாம் என்று பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என்பது நிபந்தனை. அந்த வாசகம் 2003-இல் நீக்கப்பட்டது. நியாயமாகச் சொன்னால், பயமுறுத்திய அளவுக்கு விஷயம் இல்லை. சிகாகோ திரையரங்கு ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, சிலருக்கு ஒலெஸ்ட்ரா சிப்ஸ், மற்றவர்களுக்குச் சாதாரண சிப்ஸ் என்று, எது எது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1998-இல் வெளியானது. இரு தரப்பிலும் வயிற்றுத் தொந்தரவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆறு வாரம் வீட்டில் சாப்பிட வைத்த இன்னொரு ஆய்வில், மலம் கழிக்கும் தடவை மட்டும் சற்றுக் கூடியது. என்றைக்கோ ஒரு பாக்கெட் என்றால் ஒன்றும் ஆகாது என்றுதான் நானும் சொல்வேன். தினமும் கொழுப்பில்லை என்ற தைரியத்தில் இரண்டு மூன்று பாக்கெட்டைக் காலி செய்பவருக்கு அது பொருந்தாது.

எனக்கு உறுத்துவது வேறு. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் கொழுப்பில் கரைபவை. செரிக்காத எண்ணெய் குடலில் போகும்போது அவற்றையும் கூட்டிக்கொண்டு போய்விடும். அதனால்தான் அந்த நான்கையும் சிப்ஸில் சேர்க்கச் சொன்னார்கள். கேரட்டிலும் முருங்கைக்கீரையிலும் இருக்கும் கரோட்டினாய்டுகள் என்ற நிறமிச் சத்துகளைச் சேர்க்கச் சொல்லவில்லை. கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒலெஸ்ட்ராவை உணவில் அனுமதிக்கவே இல்லை.

ஆர்லிஸ்டாட் இதே வேலையை மறுபக்கத்திலிருந்து செய்கிறது. எண்ணெய் சாதாரண எண்ணெய்தான், நொதியின் கையைத்தான் மாத்திரை கட்டிப் போடுகிறது. சாப்பிட்ட கொழுப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அப்படியே வெளியேறும். பஜ்ஜி கூடினால் கறையும் கூடும். உண்மையில் எண்ணெயைக் குறைத்துச் சாப்பிடுபவருக்கான மருந்து அது, மருத்துவர் சொல்லாமல் எடுக்கவே கூடாது.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். இப்படி எதுவுமே சாப்பிடாமல் மலம் எண்ணெயாக, நாற்றத்தோடு மிதந்து போகிறது, எடையும் இறங்குகிறது என்றால் கணையத்தைப் பார்த்தாக வேண்டும். நம் தென்னிந்தியாவில் நாள்பட்ட கணைய அழற்சி அரிதான நோயல்ல. மலத்தில் ரத்தம் என்றாலும் உடனே வந்துவிடுங்கள்.

இவருக்கு மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். மூன்றாம் நாளே எல்லாம் சரியாகிவிட்டது. அடுத்த வாரம் வந்தபோது முகத்தில் சிரிப்பு. அந்த வேட்டியை மட்டும் எத்தனை துவைத்தும் கறை போகாமல், மனைவி வண்டி துடைக்கக் கொடுத்துவிட்டாராம்.